கதவுக்கு விடைசொல்லும் பாட்டு

“சிரிச்சிட்டாய்.”

“இல்லை.”

“பல்லுத் தெரிஞ்சது, கஜந்தி. அம்மா வீட்டுக் கதவிட்டை விடைசொல்லி அழுற இடம் அது. அதிலை ஆருக்காவது பல்லுத் தெரியுமோ?”

“கதவிட்டை விடைசொல்லுறதுதான் சிரிப்பு. கதவென்ன, உனக்குச் சித்தப்பாவோ?”

இலிங்கா படுக்கை விரிப்பின் தன் பக்கத்து முனைகளை வெடுக்கென்று இழுத்தாள். மறுபக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டிருந்த கஜந்தி நிலைதடுமாறி, சலவைத்தூள் மணக்கும் துணிக்குவியலில் போய் விழுந்தாள். விழுந்தவள் எழும்பவில்லை. அங்கேயே படுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சிரித்து முடித்தாள்.

ஒடென்சே நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் துணியறை அது. இருவரும் அங்கே பராமரிப்பு வேலை பார்த்தார்கள். காலை பத்தரைக்குக் கிடைக்கும் பதினைந்து நிமிட இடைவேளையைக் கடந்த மூன்று வாரமாகக் கோப்பிக்குக் கொடுக்காமல் பாட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். பேசிக்கொண்டது டேனிஷில். கஜந்தி இந்த ஊரிலேயே பிறந்தவள். இலிங்கா ருமேனியாவின் வடக்கே ஒரு மலைக்கிராமத்திலிருந்து ஏழு வருடத்துக்கு முன் வந்தவள். ஆனாலும் இலிங்கா வாயைத் திறந்தால் கஜந்தியின் காதில் அது யாழ்ப்பாணத்துத் தமிழாகவே விழும். அப்படி ஒரு வாய் அவளுக்கு.

இன்னும் ஒன்பது நாளில் இலிங்காவுக்குக் கல்யாணம். அவளுடைய ஊரில் மணப்பெண்ணைக் கதிரையில் இருத்தித் தலையில் பூமுடி வைக்கும்போது, சுற்றி நிற்கும் பெண்கள் ஒரு சோகப்பாட்டுப் பாடுவார்கள். அந்தப் பாட்டுக்கு மணப்பெண் அழவேண்டும். சும்மா கண் கலங்கினால் காணாது. பூசிய மை கரைந்து கன்னத்தில் வழிய வேண்டும். அன்றைக்கு அழுது முடிக்காத மிச்சம் கல்யாணத்துக்குப் பிறகு சட்டிபானைகளுக்கு நடுவில் வந்து சேரும் என்று இலிங்காவின் அம்மா நம்பினாள். இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் அவளால் டென்மார்க்குக்கு வரமுடியாது. தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பாள். பாட்டும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் நடந்தால் அது கையெழுத்துப் போட்ட காகிதம்தானே தவிரக் கல்யாணம் இல்லை, அதற்குத் தன்னிடம் ஆசீர்வாதமும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

ஒடென்சேயில் இலிங்காவுக்குத் தெரிந்த ருமேனியப் பெண்கள் மூன்று பேர். ஒருத்திக்கு அன்றைக்கு வேலை. மற்ற இருவரும் பாடினால் பூமுடி தானாகவே கழன்று விழும். அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் இலிங்கா இடைவேளையில் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் கஜந்தி தலையணை உறை மாட்டியபடி எதையோ முணுமுணுத்தாள். பத்து வருடம் சனிக்கிழமைகளில் சங்கீத வகுப்புக்குப் போன தொண்டை அது. தொலைபேசிக்குள் இருந்து அம்மா கேட்டாள்: “அது ஆர்? அவளைப் பாடச் சொல்லு. தொண்டை இருக்கு. துக்கம்தான் இல்லை. அதைப் பழக்கிப்போடலாம்.”

பழக்குவது லேசாக இருக்கவில்லை.

முதலாவது வில்லங்கம், தாளம். மலைநாட்டுச் சோகப்பாட்டுக்குத் தாளமே கிடையாது. மூச்சு முடியுமட்டும் ஒரு சொல் நீளும், மூச்சு எடுத்த பிறகு அடுத்த சொல். கஜந்தியின் வலது கை அவளைக் கேட்காமலேயே தொடையில் போய்த் தட்டிக்கொண்டிருக்கும். “அழுறவள் எண்ணி எண்ணியோ அழுவாள்?” என்று கேட்டு, அந்தக் கையைச் சும்மா இருக்க விடாமல் பண்ணத்தான் இலிங்கா படுக்கை விரிப்பின் முனைகளைக் கையில் கொடுத்தாள். பாடிக்கொண்டே மடிப்பது; மடித்துக்கொண்டே பாடுவது.

இரண்டாவது வில்லங்கம், முடிச்சு. அந்தப் பாட்டில் குரல் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே தொண்டைக்குள் ஏதோ சிக்கியதுபோல் ஓரிடத்தில் சட்டென்று உடையவேண்டும். உடைந்து, ஒன்றும் நடக்காததுபோல் தொடரவேண்டும். அதை அங்கே முடிச்சு என்று சொல்வார்களாம். கஜந்தி அந்த இடத்தில் ஓர் அழகான கமகம் வைத்தாள். இலிங்கா தலையில் கைவைத்தாள்.

“கேக்குக்கு மேலை கிறீம் பூசுறாய். முடிச்சு வடிவா இருக்கக் கூடாது. பொறுத்துப் பொறுத்துப் பாத்து ஏலாமல் போற இடம் அது.”

“எதைப் பொறுக்கிறது?”

“அழுகையை.”

“எனக்கு அழுகையே வரேல்லையே.”

மூன்றாவது வில்லங்கம்தான் எல்லாவற்றிலும் பெரியது. கஜந்திக்குத் துக்கமான இடங்களில் சிரிப்பு வரும். ஒன்பது வயதில் பெரியப்பாவின் செத்தவீட்டில், எல்லாரும் ஓவென்று அழுதுகொண்டிருக்கும்போது சிரித்தவள் அவள். அடக்க அடக்கக் கூடியது. அம்மா சுசீலாதேவி அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்க் காருக்குள் விட்டுப் பூட்டினாள். அதற்குப் பிறகு பதினெட்டு வருடமாக எந்தச் செத்தவீட்டுக்கும் அவளைக் கூட்டிப்போனதில்லை. ஊர்ச்சனம் அவளுக்குப் பின்னால் ‘சிரிப்பி’ என்று பெயர் வைத்திருந்தது. இதை எல்லாம் இலிங்காவிடம் முதல்நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சிநேகிதி தன்னிடம் கேட்ட ஒரே ஒரு உதவி. அதையும் பல்லைக் காட்டிக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம் இப்போது கஜந்தியை இரவும் பகலும் பிடுங்கியது.

பாட்டின் சொற்களை அவள் ஒரு கையுறைப் பெட்டியின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அர்த்தத்தையும் கேட்டுக் கீழே எழுதியிருந்தாள்:

கதவே, கதவே, நேற்றுவரை உன்னை உதைத்துத் திறந்தேன்.
இனி வந்தால் தட்டிவிட்டு நிற்பேன்.
உள்ளே இருந்து யாரென்று கேட்பார்கள்.
நான் என்ன பெயர் சொல்ல?

வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை ரஸ்முஸ் ஒரு பஸ் சாரதி. நாலு வருடமாக இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். கல்யாணம் முடிந்து இலிங்கா போகப்போவதும் அதே வீட்டுக்குத்தான். அந்த வீட்டுக் கதவுக்குக் குறியீட்டு எண் அழுத்தவேண்டும். உதைத்தால் பொலிஸ் வரும். இதை நினைத்ததும் கஜந்தியின் உதட்டோரம் தன்பாட்டில் துடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனியாகப் பழகிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். சுசீலாதேவிக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் காலை வேலை, இரண்டரைக்குத்தான் வருவாள். குரல் எதிரொலித்து நன்றாகக் கேட்கும் என்பதால் கஜந்தி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கை தாளம் போடாமல் இருக்க ஒரு ஈரத் துவாயை முறுக்கிப் பிடித்தாள். பிறகு பாடினாள். ஒன்றரை மணித்தியாலம்.

அந்தக் குளியலறையின் காற்றுக்குழாய் நேரே மேல்மாடிக்குப் போகிறது. மேல்மாடியில் பவளராணி இருக்கிறாள். அறுபது வயது, புருஷன் இல்லை, இரண்டு மகன்களும் கனடாவில். காது மட்டும் இருபது வயதுக் காது. கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கீழே சுசீலாதேவி வீட்டில் ஒரு பெண்குரல் நீட்டி நீட்டி இழுத்து, நடுவில் உடைந்து, மூச்சுவாங்கித் திரும்பவும் இழுப்பது கேட்டது. சொல் விளங்கவில்லை. சொல் எதற்கு? அந்த இழுவை எதற்கு இழுக்கிற இழுவை என்று தமிழ்ப் பெண்ணுக்குச் சொல்லியா தெரியவேண்டும்? கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முதலில் சிநேகிதி தவமலரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“சுசீலா வீட்டிலை ஆரோ செத்துப்போட்டினம் போல.”

“ஆராம்?”

“தெரியேல்லை. ஊரிலையாத்தான் இருக்கும். பிள்ளை தனிய இருந்து கதறுது. ஐயோ, கேக்கேலாமல் கிடக்கு.”

“எந்தப் பிள்ளை? சிரிப்பியோ?”

“ஓமடி. அவளே கதறுறாள் எண்டால் பாரன்!”

அது போதுமாக இருந்தது. இரண்டேகாலுக்குக் கஜந்தி தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது வாசல் மணி அடித்தது. திறந்தாள். பதினொரு பேர் நின்றார்கள். கறுப்புக் குளிர்ச்சட்டைகள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. செத்தவீட்டு வாசலில் “வாங்கோ” என்றும் சொல்வதில்லை, “வந்தனாங்கள்” என்றும் சொல்வதில்லை. வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றினார்கள். உள்ளே போனார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் சட்டியோடு வந்திருந்தன. தவமலர் கஜந்தியின் கையைப் பிடித்து இரண்டு தரம் அழுத்திவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

கஜந்திக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அம்மாவின் பிறந்தநாளோ என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, வந்தவர்களில் ஒருவரான மகேந்திரராசா அண்ணை, செத்தவீட்டில் செய்வதுபோல, சாமிப்படம் போட்ட கலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பதைக் கண்டாள். அப்போதுதான் விளங்கியது: யாரோ செத்துவிட்டார்கள். இவர்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சுசீலாதேவி வேலையால் வந்தாள்.

வாசலில் சப்பாத்துக் குவியல். குனிந்து தன்னுடைய ஒரு சப்பாத்தைக் கழற்றியவள், மற்றதைக் கழற்றாமல் நிமிர்ந்து உள்ளே பார்த்தாள். பதினொரு பேரும் அவளைப் பார்த்தார்கள். பவளராணி எழும்பிக் கைகளை விரித்தாள். சுசீலாதேவி அந்தக் கைகளுக்குள் போகவில்லை. கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்று, மிகவும் மெதுவாகக் கேட்டாள்:

“சின்னண்ணையோ?”

யாழ்ப்பாணத்தில் இருக்கும் சின்னண்ணையோடு அவள் கதைத்துப் பதினொரு வருடம். அவருடைய மகள் பெரியவளான சாமத்தியவீட்டு அல்பத்தில் சுசீலாதேவியின் படம் ஒன்றுகூட இல்லாமல் விட்டுவிட்டார் என்ற கோபம். அந்தப் பெயர் இந்த வீட்டில் உச்சரிக்கப்படுவதே இல்லை. ‘சின்ன’ வரைக்கும் நேராக வந்த குரல் ‘ண்ணை’யில் சிக்கி, உடைந்து, ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்து முடிந்தது.

பவளராணியின் விரித்த கைகள் கீழே இறங்கின.

“எங்களிட்டை ஏன் கேக்கிறியள்?” என்றாள் தவமலர், தடுமாறி. “உங்கடை வீட்டுச் செத்தவீடு. நீங்கள்தானே சொல்லவேணும்.”

“நானோ? நான் வேலையாலை வாறன்!”

“அப்ப ஆர் செத்தது?”

“பவளராணி அக்கா, ஆர் செத்தது?” என்றாள் சுசீலாதேவி.

பவளராணி கஜந்தியைப் பார்த்தாள். “நீதானே பிள்ளை உள்ளுக்கை இருந்து குழறினனீ.”

“குழறினனானோ? நான் பாடினனான்!”

இதைச் சொல்லி முடித்ததும் எல்லாம் ஒன்றாகக் கஜந்தியின் தலைக்குள் ஏறியது: காற்றுக்குழாய், கறுப்புச் சட்டைகள், திருப்பி வைத்த கலண்டர், கத்தரிக்காய்க் குழம்பு. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அவள் போன முதலாவது செத்தவீடு; அதிலும் பிணம் இல்லை. அவள் உதட்டைக் கடித்தாள். துவாயை வாய்க்குள் அடைத்தாள். பிரயோசனம் இல்லை. சுவரோடு சாய்ந்து, வழுகி, நிலத்தில் இருந்து சிரித்தாள். யார் அவளோடு சேர்ந்து சிரிக்கத் தொடங்கினார்கள் என்று தெரியாது, தவமலராக இருக்கலாம். சுசீலாதேவி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த சப்பாத்தை மகளுக்குக் குறிபார்த்து எறிந்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வந்த சனம் தான் கொண்டுவந்த சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, இந்தமுறை எல்லாரும் தாராளமாகப் “போட்டு வாறம்” சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டது.

அறைக்குள் தொலைபேசிச் சத்தம் கேட்டது. அம்மா யாரையோ கூப்பிட்டிருந்தாள்.

“உயிரோடை இருக்கிறியளோ எண்டு பாக்கத்தான் எடுத்தனான்,” என்றாள். பிறகு நாற்பது நிமிடம் அல்பத்தைப் பற்றிச் சண்டை பிடித்தாள்.

கஜந்தி கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்தாள். சிரிப்பு ஓய்ந்து வயிறு நொந்தது. காதில் அந்த ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப உடைந்துகொண்டிருந்தது.

மறுநாள் துணியறையில் அதை இலிங்காவிடம் சொன்னாள். தான் செத்தவீட்டில் சிரிக்கிறவள் என்பதையும், சொல்லாமல் மறைத்ததையும் சேர்த்துச் சொன்னாள். இலிங்கா கோபிப்பாள் என்று எதிர்பார்த்தாள். இலிங்கா விரிப்பை நாலாக மடித்து அடுக்கில் வைத்தாள்.

“எனக்கு முதல்நாளே தெரியும். வேறை ஆளும் இல்லை. சிரிப்பு வந்தால் வெளியிலை விடாதை. முழுங்கு.”

“முழுங்கினால்?”

“முழுங்கிப் பார்.”

சனிக்கிழமை காலை, இலிங்காவின் வீட்டு வரவேற்பறையில், சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை நடுவில் இழுத்து வைத்திருந்தார்கள். அதில் வெள்ளைச் சட்டையோடு இலிங்கா. பக்கத்தில் பூமுடியோடு பாட்டு வராத அந்த இரண்டு பெண்கள். பூச்சாடி ஒன்றில் சாய்த்து நிறுத்தப்பட்ட தொலைபேசியில், கட்டிலில் நிமிர்ந்து இருந்தபடி, தலையில் துணி கட்டிய இலிங்காவின் அம்மா. அடுத்த அறையில் ரஸ்முஸ் சப்பாத்துக்குப் பொலிஷ் போடும் சத்தம். ஜன்னலோரம் சுசீலாதேவி, காஞ்சிபுரம் சேலையில். அவளுக்குப் பக்கத்தில் பவளராணி. அவளை யாரும் அழைக்கவில்லை. “முதல் கேட்டவள் நான். எந்தக் கலியாணத்துக்கு உப்பிடி அழுறவை எண்டு நான் பாக்கத்தான் வேணும்” என்று தானாகவே ட்ராமில் ஏறி வந்துவிட்டாள்.

கஜந்தி கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். முதல் சொல்லை மூச்சு முடியுமட்டும் நீட்டினாள்.

அவ்வளவுதான், பவளராணி கைப்பையிலிருந்து ஒரு துவாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். கைலேஞ்சி இல்லை, குளிக்கிற துவாலை. அழ ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறாள். கஜந்திக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. ஏறியது. தொண்டைக்கு வந்தது. விழுங்கினாள். குரல் அந்த இடத்தில் சிக்கி, உடைந்து, திரும்ப வந்து சேர்ந்தது. தொலைபேசிக்குள் இலிங்காவின் அம்மா தலையை ஒருபக்கம் சாய்த்தாள்.

இலிங்காவுக்கு அது என்னவென்று தெரியும். அவளுடைய உதட்டோரமும் துடிக்கத் தொடங்கியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தார்கள். இரண்டாவது சிரிப்பு வந்தது. இரண்டாவது முடிச்சும் விழுந்தது. இலிங்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள், தோள் குலுங்கியது. தூர நின்று பார்ப்பவர்களுக்கு அழுவதுபோலத்தான் இருந்திருக்கும். ஆனால் கன்னம் காய்ந்து கிடந்தது.

பிறகு, உள்ளே இருந்து யாரென்று கேட்கிற அடி வந்தது. கஜந்தி மூன்றாவது சிரிப்புக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வேறொன்று வந்தது. ஒற்றைச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் சொந்த வீட்டு வாசலில், உள்ளே போகலாமா என்று தெரியாமல் நின்ற ஒரு பெண். கஜந்தி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நான் என்ன பெயர் சொல்ல என்று பாட வாயெடுத்தாள். விழுங்குவதற்கு நேரம் கிடைக்கவில்லை; குரல் தன்பாட்டில் உடைந்தது. கமகம் இல்லை, வடிவும் இல்லை. அடுத்த சொல்லைக் கண்டுபிடிக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

இலிங்கா தலையை நிமிர்த்தினாள். கண்மை இரண்டு கறுப்புக் கோடாக வழிந்துகொண்டிருந்தது. “அம்மா,” என்றாள் தொலைபேசியைப் பார்த்து. அந்த ஒரு சொல் எல்லா மொழியிலும் விளங்கியது.

அவளுடைய அம்மா அழவில்லை. ஏதோ சொன்னாள். இலிங்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கஜந்திக்கு மொழிபெயர்த்தாள்:

“முதல் ரெண்டும் கள்ள முடிச்சாம். மூண்டாவது நல்லதாம். ஒண்டு காணுமாம். இனி முகத்தைக் கழுவிப்போட்டுப் போய்க் கலியாணத்தைக் கட்டட்டாம்.”

சடங்கும் சாப்பாடும் முடிந்து அவர்கள் வெளிக்கிட்டபோது பின்னேரம் நாலு மணி. சுசீலாதேவி ட்ராமில் ஏறியதும் முன்னால் ஒரு தனி இருக்கையில் போய் அமர்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி தொலைபேசியில் யாரோடோ சண்டையைத் தொடர்ந்தாள். கஜந்திக்குப் பக்கத்தில் பவளராணி. அவள் நனைந்த துவாலையை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

“ஒரு சொல்லும் விளங்கேல்லை, பிள்ளை,” என்றாள் இரண்டு தரிப்பிடம் போனபிறகு.

“நீங்கள் அழுதியளே அன்ரி.”

“அது நான் வரேக்கையே அழுதனான். அதை விடு.” பவளராணி குரலைத் தாழ்த்தினாள். “உந்தப் பாட்டிலை உயிரோடை இருக்கிற ஆளைக் கதிரையிலை இருத்தி வைச்செல்லோ அழுகினம். அது நல்லாயிருக்கு. எங்கடை ஆக்கள் செத்தாப்பிறகுதான் பேரைச் சொல்லி அழுறது. ஆர் கேக்கிறது அதை?”

கஜந்தி அவள் பக்கம் திரும்பினாள்.

“நான் செத்தால் பொடியன்கள் கனடாவிலையிருந்து வந்து சேர மூண்டு நாள் செல்லும். வந்தாலும் அவங்களுக்கு அழத் தெரியாது. தவமலர் அழுவாள், அவளின்ரை குரல் உனக்குத் தெரியும்தானே.” துவாலையை எடுத்து நாலாக, எட்டாக மடித்தாள். “வாற சனிக்கிழமை உனக்கு வேலை இல்லைத்தானே? ஒரு மூண்டு மணிபோல மேலை வா. நான் நல்ல சேலை ஒண்டு உடுத்துக்கொண்டு கதிரையிலை இருக்கிறன். கதவைச் சாத்திப்போட்டு, என்ரை பேரைச் சொல்லி ஒருக்காப் பாடன், பிள்ளை. நான் கேக்க வேணும். இடையிலை சிரிச்சாலும் பறவாயில்லை.”